மண்டையோட்டின் மீது ஓர் ஈ

ஒல்லாந்து நாட்டில் ஓட்டர்லோ என்னும் சிற்றூரின் அருகே அமைந்துள்ள குரோலர்-முல்லர் அரும்பொருட் காட்சியகத்தில், 1524ஆம் ஆண்டில் தீட்டப்பட்ட பலகை ஓவியம் ஒன்று இருக்கிறது. செருமானிய நகரமான கொலோனில் வாழ்ந்த மூத்த பார்த்தெல் புரூயின் என்பவர் அதனைத் தீட்டினார். சுவரில் குடைந்த ஒரு மாடம், மாடத்துள் ஒரு மண்டையோடு, அதனின்றும் கழன்று தனியே கிடக்கும் கீழ்த்தாடை, அணைந்துபோன மெழுகுவத்தி, இலத்தீன் வாசகம் எழுதப்பெற்ற ஒரு துண்டுத் தாள். இவ்வளவே பொருள்கள். இவற்றோடு, காண்போர் கையை ஓங்கி விரட்டிவிடத் தோன்றும் அளவுக்கு உயிரோட்டமாக, மண்டையோட்டின் மீது ஓர் ஈ.

இவ்வோவியம் ஒரு மனிதரின் உருவப்படத்தின் பின்புறத்தில் வரையப்பட்டது என்பது அறியத்தக்கது. முன்புறம் நல்லாடை அணிந்த முகம். பலகையைத் திருப்பினால் அம்முகம் ஒருநாள் அடையப்போகும் நிலை. சாவைச் சொல்ல மண்டையோடு ஒன்றே போதுமே! அதன்மேல் ஓர் ஈயைக் கொண்டுவந்து அமர்த்த வேண்டிய தேவை என்ன? இக்கேள்வி சிறியதுபோல் தோன்றினும், இதற்கு விடை தேடிச் செல்வோர் ஐரோப்பியக் கலையின் வரலாற்றையும் அறிவியலின் வரலாற்றையும் ஒருங்கே தொட்டுவிடுவர்.

மண்டையோட்டின் அருகே பூச்சியை வைக்கும் வழக்கம் புரூயினிடம் தோன்றியதன்று; மிகப் பழமையானது. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரில், தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றைச் சார்ந்த உணவருந்தும் இடத்தில், சிறு கற்களைப் பதித்துச் செய்த ஓவியம் ஒன்று 1874ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருட் காட்சியகத்தில் உள்ளது. மேலே கொத்தனார் கையாளும் மட்டப்பலகை. அதன் தூக்குநூலுக்கு நேர்கீழே ஒரு மண்டையோடு. அதற்கும் கீழே ஒரு வண்ணத்துப்பூச்சி. அப்பூச்சிக்கு அடியில் ஒரு சக்கரம். ஒருபுறம் செங்கோலும் செவ்வாடையும், மறுபுறம் இரவலனின் கோலும் பையும் தொங்குகின்றன. வேந்தனையும் இரவலனையும் சாவு சமமாக்கிவிடும் என்பதே படத்தின் கருத்து. கிரேக்க மொழியில் உயிருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சைக்கே என்ற ஒரே சொல் வழங்கியது. ஆகவே மண்டையோட்டின் கீழுள்ள பூச்சி, உடலைவிட்டுப் பிரிந்து சுழலும் ஊழின்மேல் நிற்கும் உயிராயிற்று. உண்ணும் இடத்தில் இத்தகைய படத்தை வைத்தது, இருக்கும்போதே உண்டு மகிழ்க என்று விருந்தினருக்குச் சொல்லவே என்பர். தோலை ஊறவைத்து நாற்றத்தின் நடுவே தொழில் செய்தவர்களுக்குச் சாவைப்பற்றிய கூச்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

கிறித்தவ ஐரோப்பாவில் இக்கருத்து வேறு வடிவம் கொண்டது. உண்டு மகிழ்க என்பது போய், உலகப் பொருள்மீது வைத்த பற்றை விடுக என்பது வந்தது. திருமறையின் பிரசங்கி நூலில் பயிலும் ‘வானிட்டாஸ்’ என்னும் இலத்தீன் சொல் ஓவியர்களிடையே ஒரு வகைப் படத்துக்கே பெயராயிற்று. வெறுமை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். தமிழ் விவிலியம் அதனை மாயை என்று பெயர்த்தது. எனினும், குறளில் தனி அதிகாரமே பெற்ற நிலையாமை என்னும் சொல்லே அவ்வோவியங்களின் உட்பொருளுக்கு இன்னும் அணுக்கமாக நிற்கிறது.

நிலையாமையைக் காட்ட வந்த பூச்சிகளுக்கு இரு பொருள்கள் நிலைபெற்றன. ஈ, புழு முதலியன அழுகலைக் குறித்தன. வண்ணத்துப்பூச்சி உயிர்த்தெழுதலைக் குறித்தது. புழு மண்ணுலக வாழ்வு, கூட்டுப்புழு கல்லறை, சிறகடித்து வெளிவரும் பூச்சி விண்ணுலகு சேரும் ஆன்மா. இவை வெறும் கற்பனை உவமைகள் அல்ல என்பதை இன்றைய வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். பூச்சிகள் அழுகலிலிருந்தும் சேற்றிலிருந்தும் தாமாகவே பிறக்கின்றன என்று அரிஸ்டாட்டில் காலந்தொட்டுக் கற்றோரும் நம்பினர். பிணத்தில் புழு தோன்றுவதைக் கண்டவர், பிணமே புழுவை ஈன்றது என்று கொண்டனர். ஆகவே புரூயினின் ஈ, சாவின் அருகே வந்து அமர்ந்த விருந்தாளி அன்று. சாவு பெற்ற பிள்ளை. அந்நாளில் அவ்வோவியத்தைக் கண்டவரின் அச்சத்தை இவ்வாறு உணர்ந்தாலன்றி அதன் வன்மை நமக்கு விளங்காது.

ஆயினும் ஓவியனுக்கு ஒரு தொல்லை உண்டு. ஈயை இகழ்ந்து பேசுகிறவர் அதை ஒருமுறை பார்த்தாற் போதும். அதை வரைகிறவரோ ஆறு கால்களையும், சிறகின் நரம்புகளையும், கண்ணின் செம்மையையும் மீண்டும் மீண்டும் பார்த்தாக வேண்டும். உலகை வெறுக்கச் சொல்லும் படத்தை வரைவதற்கு உலகை அத்துணை அன்போடு நோக்க வேண்டியிருந்தது. இந்த முரண்பாடே பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் வித்து.

ஆண்ட்வெர்ப்பில் பிறந்த யோரிஸ் ஹூப்னாகல் (1542–1600) தம் நுண்ணோவியத் தொகுதிகளில் பூச்சிகளுக்கென்றே ஒன்றை ஒதுக்கினார். இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அத்தொகுதியின் ஓரிடத்தில், தும்பியின் சிறகை வரைந்து நிறைவுபெறாமல், உண்மைத் தும்பியின் சிறகையே தாளில் ஒட்டிவிட்டார்! தூரிகை தோற்ற இடத்தில் இயற்கையையே துணைக்கு அழைத்த செயல் அது.

அடுத்த நிலை லைடன் நகரில் நிகழ்ந்தது. 1575இல் பல்கலைக்கழகம் தோன்றிய அந்நகரில், அந்நூற்றாண்டு முடிவதற்குள், செடியியல் அறிஞர் குளூசியசின் மேற்பார்வையில் தாவரத் தோட்டமும், பீட்டர் பாவ் என்னும் மருத்துவப் பேராசிரியரின் முயற்சியால் உடற்கூற்று அரங்கும் அமைந்தன. குளிர்காலத்தில் அவ்வரங்கில் பிணங்களை அறுத்துப் பாடம் நடத்துவர். மற்றைக் காலங்களில் மனித எலும்புக் கூடுகளும் விலங்கின் எலும்புக் கூடுகளும் அங்கே நிறுத்தப்பட்டிருக்கும். மனிதக் கூடுகள் சில, வாழ்வு நிலையற்றது என்னும் வாசகம் பொறித்த கொடிகளை ஏந்தி நின்றன. பாடசாலையும் கோயிலும் காட்சிச்சாலையும் ஒன்றான இடம் என்று அதனைச் சொல்லலாம். பூவும் பூச்சியும் ஒருபுறம், மண்டையோடு மறுபுறம் என இவ்விரு நிறுவனங்களும் ஒரே நகரில் இருக்க, அங்கே வாழ்ந்த இரண்டாம் யாக்கோப் தெ ஹெய்ன் என்னும் ஓவியர் இரண்டையும் பழகினார். 1600ஆம் ஆண்டிலிருந்து அவர் வரைந்த மலர், பூச்சி ஓவிய ஏட்டினைப் பேரரசர் இரண்டாம் ருடால்ப் வாங்கினார். 1603இல் அவரே தீட்டிய மண்டையோட்டு ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் காட்சியகத்தில் உள்ளது. ஒரு மாடத்தில் மண்டையோடு, அதற்கு மேலே மிதக்கும் பெரிய குமிழி, மலர்கள், கீழே காசுகள். உருவப்படத்தின் முதுகில் ஒளிந்திராமல், மண்டையோட்டையே முதற்பொருளாகக் கொண்டு தனித்து நிற்கும் நிலையாமை ஓவியங்களுள் அறியப்பட்டவற்றில் மிகப் பழையது இதுவே என்பர்.

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் இவ்வகை ஓவியங்கள் வணிகர் வீடுகளில் பெருகின. இங்கு ஒன்றைச் சொல்லாமல் செல்லுதல் முறையன்று. மண்டையோட்டைச் சுற்றிலும் பரப்பி, இவையெல்லாம் வெறுமை என்று ஓவியர் காட்டிய சங்குகளும், சீனப் பீங்கான்களும், புகையிலையும், வெள்ளிக் கிண்ணங்களும் எங்கிருந்து வந்தன? மலாக்காவை 1641இலும் நாகப்பட்டினத்தை 1658இலும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்களிலும், மேற்கே அடிமைகளை ஏற்றிச் சென்ற அந்நாட்டுக் கப்பல்களிலும் வந்தவை அவற்றுட் பல. பொருளைத் திரட்டியவர்களே பொருள் வெறுமை என்னும் படத்தையும் விலைகொடுத்து வாங்கி மாட்டினர். மலாக்காக் குன்றின்மேல் பாழடைந்து நிற்கும் புனித பால் தேவாலயத்தில் சாத்தி வைத்திருக்கும் பழங்கல்லறைப் பலகைகள் சிலவற்றில் மண்டையோடும் குறுக்கெலும்பும் செதுக்கப்பட்டிருப்பதைச் சென்று கண்டோர் அறிவர். கடல்கடந்தும் அவ்வடையாளம் அவர்களோடு வந்தது.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான குடும்பத்துக்கு வருவோம். யாக்கோப் மாரெல் என்பவர் பிராங்பர்ட்டிலும் யூட்ரெக்டிலும் வாழ்ந்த மலர் ஓவியர். டூலிப்பு மலரின் கிழங்குகளை வீட்டுவிலைக்கு விற்று வாங்கிய பித்து ஒல்லாந்தரைப் பிடித்து ஆட்டி, 1637ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரே வாரத்தில் சரிந்து விழுந்ததல்லவா? அதே ஆண்டைக் குறித்து மாரெல் தீட்டிய நிலையாமை ஓவியம் கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கிறது. பூச்சாடியின் அருகே பிடிலும் மண்டையோடும் கிடக்கின்றன. இந்த மாரெல் 1651இல் ஒரு கைம்பெண்ணை மணந்தார். அவ்வம்மையாருடன் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவ்வீட்டுக்கு வந்தாள். அவளே மரியா சிபில்லா மேரியன்.

பெற்ற தந்தை புகழ்பெற்ற செதுக்கோவியர்; அவளுடைய மூன்றாம் வயதில் மறைந்தார். வளர்ப்புத் தந்தையிடமும் அவர்தம் மாணாக்கர் ஆபிரகாம் மினியோனிடமும் அவள் தூரிகை பிடிக்கக் கற்றாள். பூங்கொத்தின் ஓரத்தில் ஒரு புழு, இதழின் மேல் ஓர் ஈ, மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி என்று வைக்கும் முறை அவ்வீட்டின் அன்றாடத் தொழில். மற்றவர்கள் பழைய வரைபடத்தைப் பார்த்து அவற்றைப் படியெடுத்தனர். பதின்மூன்று வயதில், 1660இல், அச்சிறுமி பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினாள். பின்னர் கண்ணில் பட்ட புழுக்களையெல்லாம் கொணர்ந்து, எது எந்த இலையைத் தின்கிறது, எத்தனை நாளில் கூடு கட்டுகிறது, என்ன பூச்சியாக வெளிவருகிறது என்று குறித்து வைத்தாள். எல்லாப் புழுவும் பூச்சியாவதில்லை. சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்கு மாறாகச் சிறு ஈக்கள் வெளிப்படுவதையும் கண்டு எழுதினாள். அவற்றைப் புழுவின் உடலில் வளரும் ஒட்டுண்ணிகள் என இன்று அறிவோம்.

இவள் இவ்வாறு ஒரு வீட்டின் மூலையில் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய நம்பிக்கை இரண்டு இடங்களில் உடைந்தது. பிளாரன்சு நகர மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சித் துண்டுகளைக் கலங்களில் இட்டு, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். காற்றுப் புகும்படி மெல்லிய துணியால் மூடியும் சோதித்தார். ஈ அணுகிய இறைச்சியில் மட்டுமே புழு தோன்றியது; மூடிய கலங்களில் இறைச்சி அழுகியதேயன்றிப் புழு பிறக்கவில்லை. 1668இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் நகர யான் சுவாமர்டாம் பூச்சிகளைப்பற்றிய பொது வரலாற்று நூலை வெளியிட்டார். புழு இறந்து பூச்சி பிறப்பதில்லை. வளர்ந்த புழுவின் தோலுக்குள்ளேயே சிறகின் தொடக்கம் மடிந்து கிடக்கிறது என்பதை அவர் அறுத்தே காட்டியவர்.

இவ்விரு நூல்களும் ஓவியரை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் மண்டையோட்டின் அருகே இருந்த இரு பூச்சிகளின் பொருளும் ஈராண்டுக்குள் அடிபெயர்ந்தன. ஈ சாவின் பிள்ளை அன்று. அதற்கு ஒரு தாய் உண்டு, அத்தாய் இட்ட முட்டை உண்டு. கூட்டுப்புழு கல்லறையும் அன்று. அதனுள் எதுவும் சாகவில்லை. மண்டையோடு எப்போதும்போல் மண்டையோடாகவே இருந்தது. அதன்மேல் அமர்ந்திருந்த ஈ மட்டும் விடுதலை பெற்றுவிட்டது.

மேரியனின் முதல் புழு நூல் 1679இல் வெளிவந்தது. முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும், அது உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே தாளில் அவர் வரைந்தார். இன்று தொடக்கப்பள்ளி மாணவர்கள் அறிவியல் பாடநூலில் காணும் வாழ்க்கைச் சுற்றுப் படத்துக்கு இவ்வம்மையாரின் தாள்கள் முன்னோடிகள். கரும்பலகையில் அவ்வட்டத்தை வரையும் ஆசிரியருட் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1699இல், ஐம்பத்திரண்டாம் வயதில், இளைய மகளை உடன் அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவில் ஒல்லாந்தர் குடியேற்றமாயிருந்த சுரினாமுக்கு அவர் கப்பலேறினார். அங்கிருந்த தோட்ட முதலாளிகள், கரும்பை விட்டுவிட்டுப் புழுவைத் தேடும் இவரைக் கண்டு எள்ளி நகைத்தனர். காட்டில் வழி வெட்டியவர்களும், புழுவையும் செடியையும் கொணர்ந்து பயன் சொன்னவர்களும் அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கரும் பழங்குடியினருமே. ஈராண்டுக்குப் பின் நோயுற்றுத் திரும்பிய அவர், 1705இல் அறுபது படத்தாள்களுடன் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

அந்நூலின் ஒரு தாளில் மயிற்கொன்றை பூத்து நிற்கிறது. நம் வீட்டு வேலியோரங்களில் காணும் அதே செம்மஞ்சள் மலர்தான். அதன் இலையைத் தின்னும் புழுவும், புழுவிலிருந்து வந்த பூச்சியும் அருகே உள்ளன. படத்துக்கு மேரியன் எழுதிய குறிப்போ நெஞ்சை உலுக்குவது. தாம் பெறும் பிள்ளைகள் தம்மைப்போல் அடிமைகள் ஆகாதிருக்கும் பொருட்டு, அடிமைப் பெண்கள் இச்செடியின் விதைகளைக் கொண்டு கருவைக் கலைத்தனர் என்றும், கொடுமை தாளாது தம்மையே மாய்த்துக்கொண்டவரும் உளர் என்றும், இதை அவர்கள் வாயாலேயே தாம் கேட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். வளர்ப்புத் தந்தையின் ஓவியத்தில் பூவின் அருகே மண்டையோடு இருந்தது. மகளின் ஓவியத்தில் மண்டையோடு இல்லை. ஆனால் சாவு இருக்கிறது, யாருடைய சாவு என்பதும் இருக்கிறது. வணிகர் வீட்டுச் சுவரில் தொங்கிய நூற்றுக்கணக்கான மண்டையோட்டுப் படங்களுள் ஒன்றேனும் இதைச் சொல்லியதில்லை.

மண்டையோடும் பூச்சியும் முற்றாகப் பிரிந்துவிட்டன என்றும் சொல்வதற்கில்லை. அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் உடற்கூற்று வல்லுநராயிருந்த பிரெடரிக் ரூய்ஷ் (1638–1731), பிறவாது இறந்த சிசுக்களின் எலும்புக் கூடுகளைக்கொண்டு விந்தையான காட்சிகளை அமைத்தார். மனித உடலிலிருந்து எடுத்த கற்களே குன்றுகள். பதப்படுத்திய இரத்தக் குழாய்களே மரங்கள். அவற்றிடையே நிற்கும் சிறு எலும்புக்கூடு ஒன்றின் கையில் ஒருநாட் பூச்சி. நம்மவர் ஈசலைச் சொல்வதுபோல் ஒல்லாந்தர் குறுவாழ்வுக்கு அப்பூச்சியைச் சொல்வர். அதுவும் இளமையில் நீருக்கு அடியில் நெடுங்காலம் வாழ்ந்து, சிறகு முளைத்தபின் சில மணி நேரத்தில் மடிவது என்பதை 1675இல் தனி நூலாக எழுதியவர் முன்சொன்ன சுவாமர்டாம், ரூய்ஷின் நண்பர். அறிவியல் நூலுக்கும் மண்டையோட்டுக் கலைக்கும் இடையே அந்நாளில் ஒரு மெல்லிய சுவரே இருந்தது. ரூய்ஷின் மகள் ரேச்சல் தந்தையின் சேகரிப்பை அழகுபடுத்த உதவினார் என்பர். அவரும் மலரையும் பூச்சியையும் தீட்டுவதில் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்று, எண்பது வயது கடந்தும் தூரிகையைக் கீழே வைக்காதவர்.

உருசியப் பேரரசர் பீட்டர் 1717இல் ரூய்ஷின் சேகரிப்பை முப்பதாயிரம் கில்டருக்கு வாங்கினார். அவ்வாண்டு ஜனவரித் திங்களில் மேரியன் காலமானார். அவருடைய ஓவியங்களையும் பீட்டருக்காக வாங்கினர். இளைய மகள் டோரோத்தியாவும் அவர் கணவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறி ஓவியத் தொழில் செய்தனர். சிசுவின் எலும்பும் சுரினாமின் புழுவும் இவ்வாறு ஒரே நகரை அடைந்தன. ரூய்ஷின் எலும்புக்கூட்டுக் காட்சிகள் காலத்தில் அழிந்து, செதுக்குப் படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

நம் காலத்தில் ஆண்ட்வெர்ப்பில் பிறந்த யான் பாப்ர் என்னும் கலைஞர் இப்பழைய இணையை மீண்டும் கையிலெடுத்தார். மண்டையோட்டு வடிவங்களின் மேற்பரப்பு முழுவதும் வண்டுகளின் முன்சிறகு ஓடுகளை அவர் பதித்தார். 2002இல் பிரசெல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டப விதானத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைப் பதித்து முடித்தார். அவை தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே அவ்வண்டுகளை மக்கள் உணவாகக் கொள்வர். உண்டபின் ஓடுகள் எஞ்சும். தமிழ்நாட்டுச் சிறுவர் தீப்பெட்டியில் இலை வைத்து வளர்க்கும் பொன்வண்டும் அந்த இனமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலும் கல்கத்தாவிலும் மெல்லிய பருத்தித் துணியில் அவ்வோடுகளைத் தைத்து ஆங்கிலச் சீமாட்டிகளின் உடைக்காக ஏற்றுமதி செய்தனர்.

அவ்வோட்டின் பச்சை சாயத்தால் வந்ததன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நுண்ணிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம் அது. ஆகவே சாயம்போல் வெளுப்பதில்லை. ஓவியர் தீட்டிய டூலிப்பு மலர்களின் செம்மை பல படங்களில் மங்கிப்போயிற்று. இலண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் காட்சியகத்தில் உள்ள அக்காலத்து உடைகளில், துணி பழுத்து மஞ்சளாகிவிட்ட பின்னும், சில வாரங்களே வாழ்ந்த அவ்வண்டுகளின் பச்சை அன்று தைத்ததுபோல் மின்னிக்கொண்டிருக்கிறது.